ஒரு சட்டி கலவை விழுவதற்கு முன் அளவு எடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். அறந்தாங்கி பக்கம் எங்கள் சொந்த இடத்தில் 1,100 சதுரடியில் வீடு கட்டுகிறோம். கணவர் வளைகுடாவில் இருக்கிறார், இங்கே நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சதுரடி 2,100 ரூபாய் என்று பொருளும் கூலியும் சேர்த்து மொத்த கான்ட்ராக்ட் பேசி, முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். மொத்தம் 23 லட்சத்து 10 ஆயிரம். அதில் 18 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்தாகிவிட்டது. வைகாசியில் ரூஃப் போட்டார்கள், உள்பூச்சு பாதி நடந்தது, ஆவணி கடைசியில் வேலை நின்றுபோனது. இப்போது கார்த்திகை. கான்ட்ராக்டருக்குப் போன் செய்தால் "அடுத்த வாரம் ஆள் வரும்" என்கிறார், பாதி நாள் எடுப்பதே இல்லை. ஒன்றரை லட்சம் கொடுத்தால் தைக்குள் முடித்துத் தருகிறேன் என்று இப்போது சொல்லி அனுப்பியிருக்கிறார். அவரைச் சிபாரிசு செய்ததே என் சின்ன மாமனார்தான், அதனால் கடுமையாகப் பேசவும் முடியவில்லை. கொழுந்தன் போலீசுக்குப் போகலாம் என்கிறார். வேறு ஒரு மேஸ்திரி திங்கட்கிழமையே வேலையைத் தொடங்குகிறேன் என்கிறார். வாடகையும் கட்டி, லோன் வட்டியும் கட்டி ஓய்ந்துபோனேன். என்ன செய்வது?

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது கான்ட்ராக்டர் இல்லை, அந்தத் திங்கட்கிழமை மேஸ்திரிதான். அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் நின்ற இடத்தில் வேலை எப்படி நிற்கிறது என்று அளந்து எழுதி வைப்பதற்கு முன்னால் அவர் ஒரு சட்டி கலவையைச் சுவரில் எறிந்துவிட்டால், எது பழைய ஆள் செய்தது, எது புது ஆள் செய்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி அந்தப் பாதி வீடுதான். அதனால் இரண்டு விஷயம்: ஒன்றரை லட்சம் கொடுக்காதீர்கள், திங்கட்கிழமை யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள், மற்றதைச் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் இன்றைக்கே போய் ஒன்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்க் குழியும் திறந்து கிடக்கிறதா? வேலை நின்ற வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது, தெருப் பிள்ளைகள் விளையாட வருவார்கள், கார்த்திகை மழையில் தொட்டி நிரம்பித் தரையும் தொட்டியும் ஒரே மட்டமாகத் தெரியும். பழைய சென்ட்ரிங் பலகையைப் போட்டு மூடி மேலே நான்கு செங்கல் வைப்பது போதாது, பிள்ளை ஏறி நின்றால் புரளும். ஸ்லாப் போட்டு மூடுங்கள், அல்லது சுற்றிக் கல் அடுக்கிக் கம்பி வேலி கட்டுங்கள். தற்காலிக மின் இணைப்பின் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிவிடுங்கள்.

அப்படியே மாடிக்குப் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் கட்டாத தளம் என்றால் ஓரத்துக்குப் போகாமல், நடுவில் நின்று தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். கரண்டுக்காகத் தளத்தில் நீட்டி விட்டிருக்கும் பைப்புகளின் வாயை நன்றாக அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கிச் சுவருக்குள் போய்விடும், பிறகு பெயிண்ட் அடித்த பின் அந்த இடம் மட்டும் பூத்துப்போய் உரியும். மேல் மாடிக்காக விட்ட பில்லர் கம்பிகள் செம்பட்டையாகத் துருவேறியிருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கெட்டியான சிமெண்ட் பால் பூசி வைத்தால் தாங்கும். அழகாக இல்லையென்று யாராவது மடக்கிவிடலாம் என்றால் விடாதீர்கள், மடக்கிய கம்பியைத் திரும்ப நிமிர்த்தினால் அந்த இடத்தில் பலம் போய்விடும். அறைக்குள் சிமெண்ட் மூட்டை மிச்சம் கிடந்தால் ஒன்றைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஆவணியிலிருந்து இந்த மழை ஈரத்தில் கிடந்த மூட்டையில் கட்டி கட்டியாக இருக்கும். விரலால் நசுக்கினால் பொடியாகாத கட்டி என்றால் அந்த மூட்டையைக் கட்டிட வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இதையெல்லாம் சும்மா சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவரிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்று சொல்லும்போதே, அந்த நஷ்டத்தைக் குறைக்க உங்களிடம் என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அவர் போட்டுவிட்டுப் போனார் என்பதற்காக நாமும் மழையில் நனைய விட்டுவிட்டு, மொத்தச் சேதத்தையும் அவர் தலையில் கட்ட முடியாது.

சரி, இப்போது அளவு. உங்கள் ஊரிலோ புதுக்கோட்டையிலோ சிவில் இன்ஜினியர் ஒருவரைப் பிடியுங்கள், கான்ட்ராக்டருக்கும் சின்ன மாமனாருக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது, பிறகு உங்கள் மிச்ச வேலையை எடுத்துச் செய்கிற எண்ணம் உள்ளவராகவும் இருக்கக் கூடாது. அவர் அறை அறையாகப் போய் எத்தனை சதுரடி பூச்சு முடிந்திருக்கிறது, எத்தனை நிலை வைத்திருக்கிறது, எங்கெங்கே சுவரில் காடி (பைப்புக்கான பள்ளம்) வெட்டிப் பைப் பதித்திருக்கிறது, எது பாக்கி, எது கோணல் என்று எழுதி, மதிப்புப் போட்டுக் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். படம் எடுக்கும்போது சுவரை மட்டும் எடுக்காமல் அளவு டேப்பையும் சேர்த்து எடுங்கள். தெரு வாசலிலிருந்து தொடங்கி மாடி வரை நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். அளவு எடுக்கும் நாளை இரண்டு மூன்று நாள் முன்பே கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, வரச் சொல்லுங்கள். வந்தால் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வராவிட்டால், கூப்பிட்டும் வரவில்லை என்பதே பதிவாகிவிடும்.

வங்கிக் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்பதால் இன்னொரு சாட்சியும் உங்களிடம் உண்டு. ஒவ்வொரு தவணை விடுவிப்பதற்கு முன்னாலும் வங்கி தன் இன்ஜினியரை அனுப்பி எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று அறிக்கை வாங்கியிருக்கும். அதன் நகலைக் கேட்டு மனு கொடுங்கள். வேலை நின்றுவிட்டது, என் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அடுத்த தவணையை விடுவிக்க வேண்டாம் என்றும் அதிலேயே எழுதுங்கள்.

இந்த அளவு எதற்கு என்று கணக்காகவே காட்டுகிறேன். ரூஃப் போட்டதும் வீடு முடிந்த மாதிரி நமக்கு ஒரு நிறைவு வந்துவிடும், ஆனால் உங்களுடையது போன்ற தரைத்தள வீட்டில் ரூஃப் வரை ஆகும் செலவு என் அனுபவத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், கரண்ட், பிளம்பிங், பெயிண்ட் எல்லாம் சேர்ந்து மறுபாதியைச் சாப்பிடும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 60 பங்கு வேலை முடிந்திருக்கலாம். அப்படியென்றால் வேலையின் மதிப்பு சுமார் 13 லட்சத்து 86 ஆயிரம், நீங்கள் கொடுத்தது 18 லட்சத்து 50 ஆயிரம். கிட்டத்தட்ட 4 லட்சத்து 64 ஆயிரம் அவர் கையில் முன்பணமாக நிற்கிறது. அவர் இனிமேல் வாங்க வேண்டியது 4 லட்சத்து 60 ஆயிரம், செய்ய வேண்டிய வேலையோ அவர் பேசிய ரேட்டிலேயே 9 லட்சத்துக்கு மேல். இந்த நிலையில் அவர் ஏன் வருவார்? வேலை நின்றது ஆவணியில் இல்லை, பணம் வேலையைத் தாண்டி ஓடிய அன்றைக்கே நின்றுவிட்டது.

நானும் எட்டு வருடம் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தவன், அதனால் உள்ளே நடப்பது தெரியும். உங்கள் ரூஃப் தவணை பெரும்பாலும் அவருடைய முந்தைய வீட்டு டைல்ஸ் கடை பாக்கிக்குப் போயிருக்கும், உங்கள் வீட்டை முடிக்க அவர் இப்போது அடுத்த வீட்டு அட்வான்ஸை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். நீங்கள் கொடுக்கப்போகும் ஒன்றரை லட்சமும் உங்கள் வாசல் தாண்டி வராது. எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் வாக்கில் கம்பி விலை ஏறிய ஏற்றத்தில் நானே ஒரு வேலையை நாற்பது நாள் நிறுத்தியிருக்கிறேன், ஆனால் மூன்றாவது நாளே வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கணக்கைக் காட்டி, என்னால் இப்போது முடியவில்லை என்று சொன்னேன். கஷ்டத்தில் இருப்பவர் நேரில் வந்து பேசுவார். போனை எடுக்காமல் மூன்று மாதம் ஓட்டியவருக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க வேண்டியதில்லை.

அளவு கையில் வந்ததும் கடிதம். வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதலாம், கோபம் வேண்டாம், தேதியும் தொகையும் இருந்தால் போதும். இந்த மாதிரி: "இந்தத் தேதியில் போட்ட ஒப்பந்தப்படி உங்களுக்கு இதுவரை ரூ.18,50,000 கொடுத்திருக்கிறேன். ஆவணி கடைசியிலிருந்து வேலை நடக்கவில்லை. இன்ஜினியர் அளவுப்படி முடிந்த வேலையின் மதிப்பு இவ்வளவு, நகல் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேலையைத் தொடங்கி, இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும். தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து வேறு ஆளை வைத்து முடித்து, கூடுதலாகும் செலவையும் நஷ்டத்தையும் உங்களிடம் வசூலிப்பேன்." தபால் நிலையத்தில் பதிவு, ஒப்புகை இரண்டும் சேர்த்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

ரசீது இல்லாமல் கையில் கொடுத்த ரொக்கம் இருந்தால் (கிராமத்து வேலைகளில் இது எப்போதும் உண்டு) தேதி வாரியாக உட்கார்ந்து எழுதுங்கள். அன்றன்று வங்கியிலிருந்து எடுத்த பணம், அவர் அனுப்பிய "அமௌண்ட் வந்துருச்சுக்கா" என்ற குரல் பதிவு, எல்லாம் சேர்ந்து பேசும். அந்த போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள், பழுது பார்க்கக்கூட இப்போது கொடுக்காதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியாகக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், அப்போது மூலப் பதிவு இருப்பது நல்லது.

இப்போது சின்ன மாமனார். அவரை ஒதுக்காதீர்கள், அதே நேரம் நடுவராகவும் வைக்காதீர்கள். கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், "மாமா, நீங்கள் சொல்லித்தான் கொடுத்தேன் என்று குறை சொல்ல வரவில்லை, இந்த 4 லட்சத்துக்கு மட்டும் அவரிடம் பதில் வாங்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். மரியாதையும் கெடாது, பேச்சும் தொகையை விட்டு நகராது. அவர் முன்னிலையில் கான்ட்ராக்டர் இறங்கி வந்தால் நல்லதுதான், ஆனால் வேலையைத் தொடர்வதென்றால் முன்பணம் ஒரு ரூபாய் கிடையாது. சிமெண்ட், எம்-சாண்ட், டைல்ஸ் எல்லாம் நீங்களே கடையில் உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நடந்த வேலையை அளந்து கூலியை மட்டும் கொடுங்கள், இரண்டையும் அவர் கணக்கில் எழுதிக் கழித்துக்கொண்டே வாருங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று செக் கொடுத்தால் எதற்காக என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ், அதற்கு அவருக்கு 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்த நாட்களைத் தவறவிட்டால் அந்த செக் வழக்கு கைவிட்டுப் போகும்.

போலீஸ் பற்றிக் கொழுந்தன் சொன்னது. மனு கொடுப்பதில் தப்பில்லை, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள், கூப்பிட்டும் பேசுவார்கள். ஆனால் பாதி வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் மேல் மோசடி வழக்கு நிற்பது கஷ்டம், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும், அதனால் பெரும்பாலும் சிவில் விவகாரம் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே போனால் படிக்காமல், அவசரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போகலாமா என்றும் யாராவது சொல்வார்கள். அது மனை, ஃபிளாட் விற்கிறவர்களுக்கானது, உங்கள் சொந்த இடத்தில் கட்டும் கான்ட்ராக்டருக்கு அது பொருந்தாது.

உங்களுக்கான இடம் புதுக்கோட்டையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவை என்று எதைச் சொல்கிறதோ அதில் வீடு கட்டித் தருவதும் வெளிப்படையாகவே இருக்கிறது. 50 லட்சம் வரை பணம் கொடுத்த விவகாரம் மாவட்ட ஆணையத்துக்கே வரும், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கொடுத்தவருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அந்தக் கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், எண் 15100. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனு கொடுத்தால் அவரை அழைத்துச் சமரசம் பேசுவார்கள், அது மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்த உடன்பாட்டுக்குத் தீர்ப்பின் பலம் உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இங்கேதான் முதலில் போவேன்.

என்ன கேட்பது? உணர்ச்சியில் 18 லட்சத்தையும் திருப்பித் தா என்று எழுதினால் எடுபடாது, பாதி வீடு உங்களிடம்தானே இருக்கிறது. பாக்கி வேலையை முடிக்கப் புது ஆள் 10 லட்சத்து 50 ஆயிரம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அடுத்தவர் கை வைத்த வேலைக்குக் கொஞ்சம் கூடத்தான் கேட்பார்கள். ஒப்பந்தப்படி நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டியிருந்த 4 லட்சத்து 60 ஆயிரத்தைக் கழித்தால் உங்கள் நஷ்டம் 5 லட்சத்து 90 ஆயிரம். அதோடு முடித்துத் தருவதாகச் சொன்ன தேதியிலிருந்து கட்டிய வாடகை, இன்ஜினியர் கட்டணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை. சட்டம் மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது, நடைமுறையில் அதைவிட நீளும். அதனால் தீர்ப்புக்காக வீட்டைக் காக்க வைக்காதீர்கள், அளவும் கடிதமும் 15 நாளும் முடிந்துவிட்டால் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அந்த மேஸ்திரியிடமே கொடுக்கலாம், ஆனால் மறுபடியும் மொத்த கான்ட்ராக்ட் வேண்டாம். பூச்சு சதுரடிக் கூலிக்கு, டைல்ஸ் சதுரடிக் கூலிக்கு, கரண்ட் பாயிண்ட் கணக்கில், பொருள் உங்களுடையது. காடி வெட்டுகிற வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் மிச்சப் பூச்சு என்பதில் கறாராக இருங்கள், பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கம்பி வலை அடிக்காமல் பூச விடாதீர்கள், அங்கேதான் நேர்கோடாக வெடிப்பு விழும்.

பழைய கான்ட்ராக்டரின் சென்ட்ரிங் ஷீட்டோ ஜாக்கியோ கலவை மிஷினோ அங்கே கிடந்தால் பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். பாதிக்கு மேல் வாடகைக்கு எடுத்த சாமானாக இருக்கும், திருட்டு மனு உங்கள் மேல் திரும்பும். எண்ணிப் படம் எடுத்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதுங்கள், எடுக்கும்போது கையெழுத்து வாங்குங்கள். ஜல்லி லாரிக்காரரும் ஹார்டுவேர் கடைக்காரரும் "அவர் தரவில்லை, நீங்கள் தாருங்கள்" என்று வாசலில் வந்து நின்றால், அவர்கள் கணக்கு கான்ட்ராக்டரோடு, உங்களோடு இல்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துச் சொல்லி அனுப்புங்கள், ஆனால் பணம் கொடுத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சம்பளம் நின்றுபோன கொத்தனார், சித்தாள் வந்தால் மனது கேட்காது, எனக்கும் கேட்காது. ஏதாவது கொடுப்பதென்றால் பெயரும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், எத்தனை நாள் வேலை செய்தோம், என்றைக்கு நின்றோம் என்று அவர்கள் எழுதித் தந்தால் அதுவும் உங்களுக்குச் சாட்சி.

தையில் பால் காய்ச்ச முடியாது, அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தேதியைப் பிடிக்க எல்லாரும் சேர்ந்து உங்களை அவசரப்படுத்துவார்கள். பங்குனிக்கு முன் ஒரு நாள் பார்க்கலாம். இன்ஜினியர் அறிக்கை வந்ததும் அதன் நகலையும், புது மேஸ்திரி சொல்லும் ரேட்டையும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை டைல்ஸ் கடைப் பக்கம் போக வேண்டாம். தொட்டியை மட்டும் இன்றைக்கே மூடிவிடுங்கள்.